அறிவியல் கல்லூரி ஆய்வுக்கூடம்: கற்பிப்போரும் ஆய்வுக்கூட ஊழியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் அறிவியல் துறைகளில் கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வுக்கூட ஊழியராகவோ சேர நினைக்கும் தமிழர்களும், புதிதாகச் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வேதியியலிலிருந்து வருகின்றன. மற்றத் துறைகளில் பொருள் மாறும், முறை மாறாது.

பதவிப் பெயர்கள் குழப்புகின்றன. யார் என்ன செய்கிறார்கள்?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் கல்வி ஊழியர்களுக்குத் தனித்தனிப் பாதைகள் உண்டு. ஆய்வும் கற்பித்தலும் சேர்ந்த பாதையில் துணைப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று ஏறலாம். துணைப் பேராசிரியராகச் சேர்பவர் சில ஆண்டுகளுக்குள் நிரந்தரப் பதவிக்கான மதிப்பீட்டைத் தாண்டியாக வேண்டும். கற்பித்தலையே முதன்மையாகக் கொண்ட இன்னொரு பாதையில் விரிவுரையாளர், மூத்த விரிவுரையாளர் என்ற பதவிகள் இருக்கின்றன. முதலாம் ஆண்டு செய்முறை வகுப்புகளைப் பெரும்பாலும் இவர்கள்தான் வடிவமைத்து நடத்துவார்கள். ஆய்வு உதவியாளரும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளரும் பொதுவாக ஒரு பேராசிரியரின் ஆய்வு நிதியில், ஒப்பந்தக் காலத்துக்கு மட்டும் வேலை செய்பவர்கள்.

செய்முறை வகுப்பைத் தாங்குவது ஆய்வுக்கூடத் தொழில்நுட்பரும் ஆய்வுக்கூட அதிகாரியும். கரைசல் தயாரிப்பது, கருவிகளைப் பராமரிப்பது, ரசாயனம் வாங்குவது, கழிவை அனுப்புவது, பாதுகாப்பு ஆவணங்களைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்கள் கையில். வகுப்பில் மாணவர்கள் பக்கத்தில் நிற்பவர் கற்பித்தல் உதவியாளர். உதவித்தொகை பெறும் முனைவர் பட்ட மாணவர் பலருக்கு இதில் குறிப்பிட்ட மணிநேரம் கட்டாயக் கடமை.

புதிதாகச் சேர்பவர் பதவிப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும்: கரைசல் தீர்ந்துபோனால் யார், மதிப்பெண் தகராறு வந்தால் யார், நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட் நின்றுபோனால் யார்.

எந்த வேலைக்கு என்ன படிப்பு?

தொழில்நுட்பர் வேலைக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம் வழக்கமான தகுதி. வேதியியல், உயிர்மருத்துவம், மின்னணுவியல் என்று துறைக்கு ஏற்ப மாறும். ஆய்வுக்கூட அதிகாரிக்குப் பட்டம் கேட்பார்கள். விரிவுரையாளருக்கு அநேகமாக முனைவர் பட்டம் வேண்டும்.

நேர்காணலில் எடுபடுவது பட்டத்தின் பெயரைவிடக் கருவி அனுபவம்தான். ‘எச்.பி.எல்.சி. தெரியும்’ (கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரித்து அளக்கும் கருவி) என்று எழுதுவதைவிட, பம்ப் அழுத்தம் திடீரென ஏறினால் எதை முதலில் கழற்றுவீர்கள் என்று கேட்டால் பதில் வைத்திருங்கள். குழாய் இணைப்புகளை டிடெக்டர் பக்கமிருந்து ஒவ்வொன்றாக, பின்னோக்கித் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். எந்த இணைப்பைத் தளர்த்தும்போது அழுத்தம் விழுகிறதோ, அடைப்பு அதற்கு அடுத்து, டிடெக்டர் பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அது, கலவையைப் பிரிக்கும் குழாயான ‘காலம்’ (column) என்பதற்கு முன்னால் இருக்கும் வடிகட்டி. நீரில் கரைத்த பஃபர் உப்பை அலசாமல் நேராக அசிட்டோநைட்ரைல் கரைப்பானுக்கு மாறினால் உப்பு உள்ளேயே படிந்து இப்படி அடைக்கும்.

இந்தியாவில் எம்.எஸ்சி. முடித்தவர் நேரடியாக விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். சம்பளம்தான் தடையாக நிற்கும். 2025 ஜனவரி முதல், வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிக்கக் குறைந்தது மாதம் 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும், வயது கூடக்கூட இந்த வரம்பும் கூடும். அதோடு காம்பஸ் எனும் புள்ளி முறையில் 40 புள்ளிகள் எடுக்க வேண்டும். நடுத்தரத் திறன் வேலைகளுக்கான எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் குறைந்தது 3,300 வெள்ளி. அதில் நிறுவனத்துக்கு ஒதுக்கீட்டு வரம்பும் தீர்வையும் உண்டு. இந்த எண்கள் அடிக்கடி உயர்த்தப்படுகின்றன, விண்ணப்பிக்கும் நாளில் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் பட்டச் சான்றிதழைச் சரிபார்த்த ஆதாரம் கேட்கப்படும். ஊரிலிருந்து அந்தச் சரிபார்ப்பு வந்துசேர நாளாகும் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள்.

தொழில்நுட்பர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது அரிது. முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையுடன் வந்து, கற்பித்தல் உதவியாளராக அனுபவம் சேர்த்து, பிறகு ஆய்வாளர் வேலைக்குப் போவதுதான் நம்மவர்கள் பலர் எடுக்கும் வழி.

யாரை எப்படி அழைப்பது?

மாணவர்கள் ‘ப்ரொஃப்’, ‘டாக்டர்’ என்பார்கள். ஊழியர்கள் தங்களுக்குள் பெயர் சொல்லியே பேசிக்கொள்வார்கள். ஊரில் ‘சார்’, ‘மேடம்’ என்று பழகியவருக்கு இது முதல் மாதம் கூச்சமாக இருக்கும், பிறகு பழகிவிடும். தமிழ் பேசும் மூத்த தொழில்நுட்பரை ‘அண்ணே’, ‘அக்கா’ என்பது இங்கும் உண்டு. கூட்டத்திலும் மின்னஞ்சலிலும் மட்டும் பெயரையே பயன்படுத்துங்கள்.

மூன்று மணிநேர வகுப்புக்கு எவ்வளவு முன்னேற்பாடு வேண்டும்?

வகுப்பு நேரத்தைவிடப் பல மடங்கு. செய்முறை வகுப்பில் நடக்கும் கோளாறுகளில் பெரும்பகுதி மாணவர் உள்ளே வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

ஒரு சாதாரண அமில-காரத் தரம்பார்த்தலை (டைட்ரேஷன்) எடுத்துக்கொள்வோம். 96 மாணவர், இருவர் இருவராக 48 இணைகள். வாரத்தில் நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 12 இணைகள். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு வேண்டும்?

கரைசலைத் துளித்துளியாக விடும் அளவுக்குழாயான பியூரெட்டை இருமுறை அலச 20 மி.லி. தோராய அளவீடு ஒன்று, சரியான அளவீடு மூன்று, ஒவ்வொன்றுக்கும் சுமார் 25 மி.லி., ஆக 100 மி.லி. கடைசியில் பியூரெட்டிலும் பீக்கரிலும் தங்குவது 30 மி.லி. இணைக்கு 150 மி.லி. என்று வைத்தால் 48 இணைகளுக்கு 7.2 லிட்டர். கொட்டுபவர், மறுபடி செய்பவர், மருத்துவ விடுப்பு முடிந்து அடுத்த வாரம் வருபவர் எல்லாருக்குமாக 20 விழுக்காடு கூட்டினால் ஏறக்குறைய 8.6 லிட்டர். ஆகவே 10 லிட்டர் கலனில் ஒரே தடவையாகத் தயாரியுங்கள். திங்களுக்கு ஒரு பாட்டில், புதனுக்கு ஒரு பாட்டில் என்று பிரித்துத் தயாரித்தால் பிரிவுக்குப் பிரிவு செறிவு மாறும். ‘எங்கள் பிரிவுக்கு மட்டும் விடை தப்பு’ என்று பிறகு வரும் புகாருக்குப் பதில் சொல்ல முடியாது.

தயாரிக்கும் முறை: வில்லைகளை நிறுத்துப் போடுவதைவிட 50 விழுக்காடு கரைசலிலிருந்து தொடங்குவது நல்லது. அந்த அடர்த்தியில் சோடியம் கார்பனேட் கரையாமல் அடியில் தங்கிவிடும், மேலே உள்ள தெளிவை மட்டும் எடுத்தால் கார்பனேட் குறைந்த கரைசல் கிடைக்கும். அதன் செறிவு ஏறத்தாழ 19 மோலார். 10 லிட்டருக்கு 53 மி.லி. போதும். அயனி நீக்கிய நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள், கரைந்திருக்கும் கரியமில வாயு போய்விடும். பிளாஸ்டிக் கலனில் வையுங்கள். கண்ணாடி மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் காரம் மூடியைக் கழுத்தோடு ஒட்டிவிடும்.

பிறகு தரப்படுத்தல், அதாவது கரைசலின் சரியான செறிவைக் கண்டறிதல். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை 110 டிகிரியில் இரண்டு மணிநேரம் உலர்த்தி, ஈரம் புகாத டெசிகேட்டர் கலனில் ஆறவிட்டு, 0.51 கிராம் அளவில் மூன்று தனி எடைகள் எடுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 25 மி.லி. காரத்தை எடுக்கும். மூன்று விடைகளும் 0.2 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகாவிட்டால் வகுப்புக்குக் கொடுக்காதீர்கள்.

லேபிளில் பெயர், செறிவு, தயாரித்த தேதி, தயாரித்தவரின் முதலெழுத்து, அபாயச் சின்னம் ஐந்தும் இருக்க வேண்டும். வெறும் ‘என்.ஏ.ஓ.எச்.’ (சோடியம் ஹைட்ராக்சைடின் வாய்பாடு) என்று மார்க்கரில் கிறுக்கிய பாட்டில் சோதனைக்கு வரும் பாதுகாப்பு அதிகாரியின் கண்ணில் முதலில் படும்.

கருவி எண்ணிக்கையும் கணக்குதான். 12 இணைகளுக்கு 14 பியூரெட், 14 பிப்பெட் வெளியே எடுத்து வையுங்கள். முதல் நாளே ஒவ்வொரு பியூரெட்டிலும் நீர் நிரப்பிப் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். திருகைச் சுற்றிக் கசிந்தால் பின்னாலிருக்கும் நட்டை இறுக்குவதில் பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

திங்கட்கிழமை 0.1002 மோலார் இருந்த கரைசல் வெள்ளிக்கிழமை குறைந்திருக்கிறது. ஏன்?

கலனைத் திறக்கும்போதெல்லாம் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போய்க் காரத்தைக் கார்பனேட்டாக்குகிறது. பினாப்தலீன் நிறங்காட்டியோடு தரம்பார்த்தால் கார்பனேட் பாதிவழியில், அதாவது பைகார்பனேட்டாகும்போதே நிறம் மாறிவிடும். ஆகவே உறிஞ்சிய ஒவ்வொரு கரியமில வாயு மூலக்கூறுக்கும் ஒரு ஹைட்ராக்சைடு நட்டம். மெத்தில் ஆரஞ்சு போட்டால் இந்த நட்டம் தெரியாது. ‘அந்த வகுப்பில் சரியாக இருந்ததே’ என்று இரண்டு விரிவுரையாளர்கள் வாதிடும்போது நிறங்காட்டி எது என்று முதலில் கேளுங்கள்.

கலனின் காற்றுத் துளையில், கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா-லைம் குழாய் பொருத்தினால் நட்டம் வெகுவாகக் குறையும். அப்படியும் ஒவ்வொரு பிரிவின் காலையிலும் ஒருமுறை தரப்படுத்தி, அன்றைய செறிவை வெள்ளைப் பலகையில் எழுதிவிடுங்கள்.

சிங்கப்பூர் ஈரப்பதம் உண்மையில் அவ்வளவு தொல்லையா?

தொல்லைதான். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லை தராசுத் தட்டிலேயே பளபளவென்று நனைவதைப் பார்க்கலாம். எடை ஏறிக்கொண்டே போகும், எண் நிற்காது. மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறந்தால் உள்ளே பனி படிந்து பொருள் நீரை உறிஞ்சும். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறக்க வேண்டும். இதை மாணவர்களுக்கு ஒவ்வொரு பருவமும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

வெப்பமும் உண்டு. திட்டக் குடுவையில் ‘20 டிகிரி’ என்று பொறித்திருக்கும். குளிரூட்டிய ஆய்வுக்கூடம் 25 டிகிரியில் இருந்தால் அதே ஒரு லிட்டர் நீரில் சுமார் 1.2 கிராம் குறைவு, அதாவது 0.12 விழுக்காடு. முதலாம் ஆண்டு வகுப்புக்கு இது பொருட்டில்லை. மைக்ரோபிப்பெட்டை எடை மூலம் சோதிக்கும்போது பொருட்டு: 25 டிகிரியில் ஒரு மில்லிகிராம் நீரை 1.004 மைக்ரோலிட்டராகக் கணக்கிட வேண்டும். ஐ.எஸ்.ஓ. 8655 தரப்படி 1,000 மைக்ரோலிட்டர் பிப்பெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட முறைப்பிழை 8 மைக்ரோலிட்டர்தான். அதில் பாதியை இந்தத் திருத்தத்தை மறப்பதிலேயே தொலைத்துவிடலாம்.

கற்பித்தல் உதவியாளர் வகுப்பில் என்ன செய்ய வேண்டும்?

முதலில், வகுப்புக்கு முந்தைய வாரம் சோதனையைத் தானே ஒருமுறை செய்து முடிக்க வேண்டும், அதுவும் மாணவருக்குக் கொடுக்கப்போகும் அதே கரைசலில். கையேட்டைப் படித்துவிட்டு வருபவரை மாணவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தொடக்க விளக்கம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இன்றைய அபாயம் எது, கழிவு எங்கே போக வேண்டும், எந்த இடத்தில் எல்லாரும் தடுமாறுவார்கள், இந்த மூன்றும் போதும். கோட்பாடு விரிவுரையில் வந்திருக்கும்.

பிறகு நாற்காலியில் உட்காராமல் நடங்கள். தரம்பார்த்தலில் நாலைந்து தவறுகளே திரும்பத் திரும்ப வரும். பியூரெட்டின் திருகுக்குக் கீழே காற்றுக்குமிழ் நிற்கும். நடுவில் அது வெளியேறினால் அந்த அளவீட்டில் பிழை ஏறிவிடும். கூம்புக் குடுவையை நீரில் அலசாமல், எடுக்கப்போகும் கரைசலிலேயே அலசுவார்கள், அதனால் விடை கூடும். 25 மி.லி. பிப்பெட்டின் நுனியில் தங்கும் துளியை ஊதித் தள்ளுவார்கள், அந்தத் துளியைக் கணக்கில் சேர்க்காமல்தான் பிப்பெட் அளவிடப்பட்டிருக்கிறது. நிறங்காட்டியை இரண்டு துளிக்குப் பதில் அரை டிராப்பர் ஊற்றுவார்கள். கடைசியாக, அடர் இளஞ்சிவப்பு வரும்வரை விட்டுவிட்டு ‘முடிந்தது’ என்பார்கள். முப்பது நொடி நிலைக்கும் மிக மெல்லிய நிறம்தான் முடிவு. வெள்ளைத் தாளைக் குடுவைக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள்.

மாணவர் வெளியேறும் முன் அவரவர் குறிப்பேட்டிலுள்ள மூல அளவீடுகளுக்குப் பக்கத்தில் உங்கள் முதலெழுத்தைப் போடுங்கள். மை பேனாவில் எழுதியிருக்க வேண்டும், தப்பை ஒற்றைக் கோட்டால் அடித்திருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு அழகாக எழுதித் தரும் அறிக்கைகள் வந்து குவியும் இந்த நாளில், நீங்கள் கையெழுத்திட்ட அந்தப் பக்கம்தான் கையிலிருக்கும் உறுதியான ஆதாரம்.

மதிப்பெண்ணுக்கு ஒரு வழி: எல்லா உதவியாளர்களும் முதல் ஐந்து அறிக்கைகளைத் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். பத்துக்கு ஒன்றுக்குமேல் வித்தியாசம் வந்தால் மீதியைத் தொடங்குமுன் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் தமிழில் பேசலாமா?

ஒரு மாணவருக்குத் தனியாகப் புரியவைக்கும்போது யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பாதுகாப்பு எச்சரிக்கையை மட்டும் எப்போதும் ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

தமிழ் அதிகம் உதவுவது வேறோர் இடத்தில். கூரையிலுள்ள காற்றுப்போக்கி விசிறியைப் பழுதுபார்க்கவோ குழாய் மாற்றவோ வரும் ஒப்பந்த ஊழியர்களில் தமிழ்நாட்டுக்காரர் நிறைய. பணி அனுமதிப் படிவத்தில் ‘கீழே எந்தெந்த ஹூட் நிறுத்தப்பட்டது, குழாயில் எந்த அமிலத்தின் ஆவி படிந்திருக்கலாம்’ என்று எழுதியிருப்பதை ஆங்கிலத்தில் வாசித்துக் கையெழுத்து வாங்குவது ஒன்று, ‘அண்ணே, இந்தக் குழாய்ல பெர்குளோரிக் ஆசிட் போயிருக்கு, காய்ஞ்ச உப்பு வெடிக்கும், சுத்தியல் படக் கூடாது’ என்று சொல்வது இன்னொன்று. தமிழ் தெரிந்த தொழில்நுட்பர் அந்த ஐந்து நிமிடத்துக்கு நேரம் ஒதுக்குவது நல்லது.

இடர் மதிப்பீட்டை யார் எழுத வேண்டும்?

வேலையைத் தெரிந்தவர்கள் சேர்ந்து. விரிவுரையாளர் தனியாக அறையில் உட்கார்ந்து எழுதினால் வினைகள் சரியாக இருக்கும், 10 லிட்டர் கலனை அலமாரியிலிருந்து இறக்கும் வேலை விட்டுப்போகும். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் வந்தது, பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்துகிறது. மதிப்பீட்டைக் குறைந்தது மூன்றாண்டுக்கு ஒருமுறையும், விபத்து நடந்தாலோ முறை மாறினாலோ உடனேயும் மறுபார்வையிட வேண்டும்.

கடுமைக்கு 1 முதல் 5, வாய்ப்புக்கு 1 முதல் 5, பெருக்கினால் இடர் அளவு. கையுறை, கண்ணாடி என்று எழுதிவிட்டுக் கடுமை எண்ணைக் குறைப்பவர்கள் உண்டு. அமிலம் கண்ணில் பட்டால் கடுமை அதேதான். குறைவது வாய்ப்பு மட்டுமே. கடுமையைக் குறைக்க வேண்டுமானால் 12 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வகுப்புக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. தொழில்நுட்பர் முன்கூட்டியே 83 மி.லி.யை நீரில் விட்டு ஒரு லிட்டராக்கி, ஒரு மோலாரில் கொடுத்துவிட்டால் ஆயிற்று.

சேலை, சுடிதார் அணிந்து ஆய்வுக்கூடத்துக்குப் போகலாமா?

துப்பட்டாவும் முந்தானையும் வேண்டாம். பர்னருக்கும் சுழலும் கருவிக்கும் அவை ஆபத்து. கணுக்கால்வரை மூடும் உடை, மூடிய காலணி, பருத்தி லேப் கோட். நீளமான சங்கிலியைச் சட்டைக்குள் விடுங்கள். கண்ணாடி வளையல் கையுறையைக் கிழிக்கும். தலையில் பூ வைத்திருந்தால் கூந்தலோடு சேர்த்துக் கட்டுங்கள். வெளியே செருப்போடு அலையும் நாடு இது, ஆகவே அலுவலக மேசையடியில் ஒரு ஜோடி ஷூ வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

நைட்ரைல் கையுறையை நம்பி அசிட்டோனில் கைவிடாதீர்கள். மெல்லிய கையுறையை அது ஓரிரு நிமிடத்தில் ஊடுருவிவிடும். டைகுளோரோமீத்தேன் இன்னும் வேகம். பட்டால் உடனே கழற்றி மாற்ற வேண்டும்.

ஃபியூம் ஹூட் சரியாக இழுக்கிறதா என்று எப்படித் தெரியும்?

முகப்புக் காற்றுவேகம் நொடிக்கு 0.5 மீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவை அம்புக்குறிக்கு மேல் உயர்த்தினால் வேகம் விழும். கருவிகளை விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே வையுங்கள். ஹூட்டைப் பாட்டில் அலமாரியாக்கினால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, அளவுமானி சரியாகக் காட்டினாலும் ஆவி முகத்துக்கே திரும்பி வரும். ஹூட்டுக்கு எதிரே மேசை விசிறி வைப்பவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்வது!

ஆய்வுக்கூடக் கதவு திறக்கக் கனமாக இருந்தால், ஹூட்டுகள் இழுக்கும் அளவுக்கு ஈடுசெய்யும் காற்று உள்ளே வரவில்லை என்று பொருள். நடைவழியின் ஈரக்காற்று இடுக்குகள் வழியே புகுந்து குளிர்ந்த குழாய்களில் நீராகச் சொட்டும். கூரையில் ஈரக்கறை கண்டால் குழாய்க்காரரைக் கூப்பிடும் முன் காற்றுச் சமநிலையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மீதக் கரைசலைத் தண்ணீர் விட்டுத் தொட்டியில் ஊற்றினால் என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாக்கடைக்குள் விடும் நீரின் பி.எச். 6 முதல் 9க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. 0.1 மோலார் காரத்தின் பி.எச். 13. வெறும் நீரால் 9க்குக் கொண்டுவர லிட்டருக்கு 10,000 லிட்டர் நீர் வேண்டும். அதே வேலையை ஒரு மோலார் அமிலம் 100 மி.லி. முடித்துவிடும். மெதுவாக ஊற்றி, பி.எச். தாளில் பார்த்து, பிறகு விடுங்கள்.

கன உலோகம், கரிமக் கரைப்பான், குரோமேட் எதுவும் தொட்டிக்குப் போகக் கூடாது. இவை தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுக் கழிவு நிறுவனம் எடுத்துச் செல்ல வேண்டியவை. ஹாலஜன் உள்ள கரைப்பானும் இல்லாததும் தனித்தனி பாட்டிலில். கலந்துவிட்டால் முழுப் பாட்டிலும் விலை கூடிய வகைக்குப் போய்விடும். பாட்டிலை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பாதீர்கள்.

உயிருக்கு உலை வைப்பது நைட்ரிக் அமிலக் கழிவில் எத்தனாலோ அசிட்டோனோ சேர்வது. உடனே ஒன்றும் ஆகாது. கொஞ்ச நேரம் கழித்து வினை சூடேறி, வாயு பெருகி, இறுக மூடிய பாட்டில் ஆளில்லாத நேரத்தில் வெடிக்கும். கண்ணாடிப் பாத்திரத்தை நைட்ரிக் அமிலத்தில் கழுவிவிட்டு அசிட்டோனால் உலர்த்தும் பழக்கம்தான் பெரும்பாலும் இதற்கு வழி திறக்கிறது. நைட்ரிக் பாட்டிலுக்கு வாயு வெளியேறும் மூடி போட்டு, கரிமக் கழிவிலிருந்து தள்ளி, தனித் தட்டில் வையுங்கள்.

திரவ நைட்ரஜனை மின்தூக்கியில் கொண்டுபோகலாமா?

குடுவை போகலாம், ஆள் கூடப் போகக் கூடாது. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். 10 லிட்டர் கொட்டினால் 7 கனமீட்டர். 50 கனமீட்டர் அறையில்கூட ஆக்சிஜன் 20.9இலிருந்து 18 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்; எச்சரிக்கை மணி 19.5இலேயே அடிக்கும். மின்தூக்கிக்குள் நிலைமை என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஒருவர் கீழே ஏற்றி, ‘ஏறாதீர்’ பலகையைக் குடுவையில் மாட்டி அனுப்ப, இன்னொருவர் மேலே காத்திருந்து எடுக்க வேண்டும். நடுத்தளத்தில் யாரும் ஏறாமலிருக்க அந்தப் பலகைதான்.

விபத்து நடந்தால் முதல் பத்து நிமிடம்?

கண்ணில் தெறித்தால் கண்கழுவியில் 15 நிமிடம், இமைகளை விரித்துப் பிடித்தபடி. மாணவர் இரண்டு நிமிடத்தில் ‘பரவாயில்லை’ என்பார், விடாதீர்கள். தோலில் பட்ட அமிலத்தைக் காரத்தால் சமப்படுத்த முயல வேண்டாம், அந்த வினையின் வெப்பமே சுடும். நீர் மட்டும் போதும். விதிவிலக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்: கழுவியவுடன் 2.5 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தேய்த்து, சிறு காயமானாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995. கட்டட எண்ணையும் தளத்தையும் சொல்லி, வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். பல்கலைக்கழக வளாகத்தில் வழி தவறுவது எளிது.

ஊழியருக்கு வேலை விபத்தால் மருத்துவ விடுப்போ இலகுவேலையோ கொடுக்கப்பட்டால் முதலாளி 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். இளநிலை மாணவர் ஊழியரல்லர். அவருக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர் காப்புறுதிதான் பேசும். துறையின் விபத்து அறிக்கை இருவருக்கும் ஒன்றே, அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

மேலதிக நேரச் சம்பளம் உண்டா?

வேலை நியமனச் சட்டத்தின் மேலதிக நேர விதி, உடலுழைப்பு சாராத வேலையில் மாதம் 2,600 வெள்ளிவரை வாங்குபவருக்கே பொருந்தும். அதற்கு மேல் ஒப்பந்தம் சொல்வதுதான். மாலை வகுப்புகளுக்கு மாற்று விடுப்பு உண்டா என்று சேரும்போதே கேளுங்கள்.

தீபாவளி வகுப்பு நாளில் வந்தால்?

ஒரு பருவத்துக்கு 13 கற்பித்தல் வாரங்கள். ஆகஸ்ட் பருவத்தின் பிற்பாதியில் தீபாவளி விழும். 2026இல் அது நவம்பர் 8, ஞாயிறு, ஆகவே 9ஆம் தேதி திங்கள் விடுமுறை. திங்கள் பிரிவு மட்டும் ஒரு சோதனையை இழந்தால் மதிப்பெண் கணக்கு கோணலாகும். அந்த வாரம் எல்லாப் பிரிவுக்கும் செய்முறை இல்லாமல் கால அட்டவணை போடுவதுதான் மிகச் சுலபம். அதை ஜூலையிலேயே போட வேண்டும். பொங்கலுக்குப் பொது விடுமுறை கிடையாது, சொந்த விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி நடுவில் அது பருவத்தின் முதல் வாரங்களில் வருவதால் தொழில்நுட்பர் இருவர் ஒரே நாளில் கேட்டால் இழுபறி நிச்சயம்.

அலமாரியின் பின்னால் ஒரு பழைய ஈதர் பாட்டில். தூக்கிப் போடலாமா?

தொடாதீர்கள். டைஎத்தில் ஈதரும் டெட்ராஹைட்ரோஃபியூரானும் திறந்தபின் காற்றோடு சேர்ந்து பெராக்சைடு உண்டாக்கும். மூடியைச் சுற்றிப் படிகம் தெரிந்தால் மூடியைத் திருகும் உராய்வே வெடிக்கப் போதும். திறந்த தேதி எழுதாத பாட்டிலையும் படிகம் உள்ளதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். உலர்ந்துபோன பிக்ரிக் அமிலத்துக்கும் இதே விதி. அறையை மூடி, கதவில் தாள் ஒட்டி, துறைப் பாதுகாப்பு அதிகாரியை அழையுங்கள். பாட்டிலின் படத்தைத் தள்ளி நின்று பெரிதாக்கி எடுத்து அனுப்பினால் அவர் வரும்போது எதைக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

தேதி உள்ள, படிகம் இல்லாத பாட்டிலானால் சோதனைத் தாளில் பாருங்கள். பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் காட்டினால் பயன்படுத்தாமல் கழிவுக்கு அனுப்ப வேண்டும். எந்த அளவு காட்டினாலும் அந்த ஈதரை வறளக் காய்ச்சி வடிக்காதீர்கள்; பெராக்சைடு அடியில்தான் தங்கும். புதிதாக வாங்கும் பாட்டிலில் பெற்ற தேதி, திறந்த தேதி இரண்டுக்கும் இடம் விட்ட லேபிளை, அது கிடங்குக்குள் நுழையும்போதே ஒட்டிவிடுங்கள்.